சேவலின் குணமறிதல்: பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லைப்புறத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைக்கப்பட்டுக் கன்னியாகுமரி மாவட்டம் உருவாயிற்று. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு தமிழகத்தோடு இணைக்கக் கோரிய வட்டங்களுள் ஒன்றாகிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. களியக்காவிளை இப்பாலும் பாறசாலை அப்பாலுமாக எல்லைக்கோடு விழுந்தது. அக்கோட்டின் இருமருங்கும் உள்ள சிற்றூர்களின் அரசியல் வரலாறு குறித்தும், மொழிக் கலப்புக் குறித்தும் தமிழிலும் மலையாளத்திலும் ஆய்வுகள் வெளிவந்துள்ளன. ஆயின் அம்மக்கள் வளர்த்த உயிரினங்கள் பற்றிய சொற்களும், அவற்றின் குணத்தை அளந்தறியும் முறைகளும் ஆய்வாளர் பார்வையில் அதிகம் படவில்லை. ஆளைக் கண்டு பாயும் சேவலை எவ்வாறு மதிப்பிட்டனர், எவ்வாறு கையாண்டனர் என்னும் சிறு வினாவை எடுத்துக்கொண்டு, அதற்குத் தமிழ் இலக்கியமும் கல்வெட்டும் எல்லைப்புற வழக்கும் தரும் விடையை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

பெயரும் பொருளும்

தொல்காப்பிய மரபியல், ‘சேவல்’ என்னும் பெயரை மயில் ஒழிந்த சிறகுடைய உயிர்கள் அனைத்தின் ஆணுக்கும் உரியதாக்குகிறது. ‘அளகு’ என்பதைக் கோழிக்கும் கூகைக்கும் உரிய பெண்பாற்பெயராகக் கூறுகிறது. இன்று அளகு வழக்கிறந்தது. சேவல் கோழியினத்து ஆணுக்கே உரியதாகச் சுருங்கிற்று. நாஞ்சில் நாட்டு வழக்கில் அது ‘சாவல்’. எல்லையைக் கடந்தால் ‘பூவன்கோழி’ என்றும் ‘பிடக்கோழி’ என்றும் கேட்கலாம். பிட என்பது நம் பெடையே. பூவன் என்பதில் உள்ள ‘பூ’ மலையாளத்தில் சேவலின் தலைச்சூட்டையும் குறிக்கும். தமிழ்ச்சொல் சிறகை நோக்கி எழுந்தது என்றால், மலையாளச்சொல் சூட்டை நோக்கி எழுந்தது எனலாம்.

இதனினும் சுவையானது ‘அங்கவால்’ என்னும் சொல். சேவலின் வளைந்து தொங்கும் வாலிறகை மலையாளத்தார் இவ்வாறு அழைப்பர். ஈண்டு அங்கம் என்பது உறுப்பு அன்று. வடக்கன் பாட்டுகளில் சேகவர்கள் பொருத இருவர் போராகிய அங்கம். முற்றத்தில் குப்பை கிளறித் திரியும் எளிய சேவலும் தன் வாலில் போரின் பெயரைச் சுமந்து திரிகிறது. போர்ச்சேவலைப் ‘போருகோழி’ என வழங்குவதும் உண்டு; இது தமிழர்க்கு விளக்கம் வேண்டாத சொல். ஆகவே சேவல் என்றாலே பூசலுக்குரியது என்னும் கருத்து இருமொழிக்கும் பொதுவாகிறது. ஆனால் பூசலுக்குரியது என்பது ஒன்று. எவரோடு பூசல் என்பது வேறொன்று. இவ்வேறுபாட்டைத் தமிழ்ப் புலவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

புலவர் கண்ட குணம்

குறுந்தொகை 305ஆம் பாடலைப் பாடியவர் தம் இயற்பெயர் மறைந்து குப்பைக்கோழியார் என்றே அறியப்படுகிறார். குப்பைமேட்டில் தாமே பொருதுகொள்ளும் கோழிகளைத் தலைவியின் காமநோய்க்கு அவர் உவமையாக்கினார். விலக்குவார் எவருமின்மையால் அப்போர் தானே முடிந்தாலன்றி முடியாது. தலைவியின் துயரும் அத்தகையது. இவ்வுவமையின் உயிர்நிலை, சொல்லப்படாத மறுபாதியில் உள்ளது. குப்பைக்கோழியின் போரைத் ‘தனிப்போர்’ எனப் பிரித்துக் கூறவேண்டுமெனில், ஏவிவிடுவாரும் விலக்குவாரும் உடைய வேறொரு போர் கேட்போர்க்கு நன்கு பழக்கமாயிருத்தல் வேண்டும். சங்க காலத்திலேயே கோழிப்போர் இருந்தது என்பதற்கு மட்டுமே இப்பாடலை எடுத்துக்காட்டுவது பெருவழக்கு. கையாள்வோன் இல்லாத சேவலின் சினத்திற்கு எல்லையில்லை என்னும் அறிவே அதில் முதன்மையானது.

ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை ‘கோழி வென்றி’ எனத் தனித்துறையே வகுத்துள்ளது. தகர், யானை, பூழ், சிவல் ஆகியவற்றின் வென்றிகளும் உடன் கூறப்படுகின்றன. கோழி வென்றிக்குரிய வெண்பாவில் சேவல் பாய்கிறது, எறிகிறது, படிகிறது, வாயாற் பற்றுகிறது. அதைக் களத்தில் விடுவோர் ‘வித்தகர்’ எனப்படுகின்றனர். அவர்கள் முன்னதாக ஆராய்ந்து நிறம் பார்த்தே விடுகின்றனர். எதிரி புறங்காட்டிய பின்னும் அச்சேவலின் வெகுளி தணியவில்லை. இங்கு மூன்று செய்திகள் நமக்குப் பயன்படுவன: ஆராய்ச்சி என்பது போருக்கு முற்பட்டது, அதற்கென வித்தகர் உண்டு, வென்றபின்னும் தணியாமை வியப்புக்குரிய பண்பாக எண்ணப்பட்டது.

கம்பர் இவ்விடத்து ஒரு படி மேலே செல்கிறார். பாலகாண்டத்து நாட்டுப்படலத்தில் கோசல நாட்டார் வாரணம் பொருத்தும் காட்சியை அவர் வரைந்துள்ளார். அவ்வாரணங்களின் மனத்தில் சினம் உண்டு. ஆயின் பகை இல்லை. அவை வெறுப்பின்றிக் களிப்போடு பொருகின்றன. வீரவாழ்க்கைக்கு மாசு நேருமெனில் உயிரையும் ஓம்பா. பகையின்றிச் சீறுதல் என்பதைக் கவிஞரின் உயர்வுநவிற்சி எனக் கொண்டு கடந்துவிடலாம். ஆயின் சேவல் வளர்ப்போர் இன்றும் கூறுவதை இதனோடு ஒப்பிட்டால், கம்பர் கற்பனையன்றித் துல்லியமான அவதானிப்பையே பதிவு செய்துள்ளார் எனத் தோன்றுகிறது. அதைப் பின்னர்க் காண்போம்.

நூலோர் கண்ட இலக்கணம்

புலவர் குணத்தை நோக்க, இலக்கண நூலோர் பெரும்பாலும் உடம்பையே நோக்கினர். கி.பி. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத்சம்கிதையில் கோழியின் இலக்கணத்திற்கென ஓர் இயல் ஒதுக்கியுள்ளார். நேரான இறகும் விரலும், செந்நிற முகமும் நகமும் சூட்டும், வெண்ணிற உடலும், விடியலில் இனிய குரலும் உடைய சேவல் அரசனுக்கு ஆக்கம் தருமென்பது அவர் கூற்று. அதன் சினத்தைப் பற்றி ஆங்கு ஒன்றும் இல்லை. அவர் தேடியது நிமித்தமேயன்றி நடத்தை அன்று. ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் சங்கராந்திக் காலத்தில் புரட்டப்படும் குக்குட சாத்திரமும், தமிழகத்துச் சேவற்கட்டினர் பின்பற்றும் பஞ்சபட்சிக் கணக்கும் இம்மரபின் வழிவந்தவை. வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்னும் ஐந்து பறவைகளும், ஊண், நடை, அரசு, துயில், சாவு என்னும் ஐந்து தொழில்களும் பஞ்சபட்சியின் அடிப்படை. சேவலின் இறகு நிறத்தை இப்பறவைகளோடு பொருத்தி, வளர்பிறை தேய்பிறைக்கேற்ப வெற்றி தோல்வி கணிப்பர். வெண்பாமாலை கூறும் நிறங்காணல் இத்தகையதாகலாம் என ஊகிக்க இடமுண்டு. நிறத்தைக் கண்டு குணத்தைத் துணியும் இம்முறை களத்தில் எத்துணை பலித்தது என்பது ஐயத்திற்குரியதே. ஆயினும் ஒரு சேவலைப் பல நாள் உற்று நோக்கும் பழக்கத்தை அது வளர்த்திருக்கும்.

உடற்கூற்றையும் இனத்தையும் கண்டு முன்கூட்டியே முடிவு சொன்ன ஒருவரைத் தண்டி நமக்குக் காட்டுகிறார். பல்லவர் காஞ்சியோடு தொடர்புடைய அப்பெரும்புலவரின் தசகுமார சரிதத்தில் பிரமதி என்பான் வணிகர் ஊர் ஒன்றில் கோழிப்போரைக் கண்டு நகைக்கிறான். காரணம் வினவப்பட்டபோது, வலிமையும் அளவும் மிக்க நாரிகேள இனத்துக் கீழைப்பகுதிச் சேவலுக்கு எதிராகப் பலாகா இனத்து மேலைப்பகுதிச் சேவலை ஆராயாமல் விட்டுவிட்டனரே என்கிறான். அவன் கூறியவாறே மேலைச்சேவல் தோற்கிறது. ஆராயாமல் விட்டனர் என்பதே அவன் நகைப்புக்குக் காரணம். பொருத்தம் பார்ப்பது சேவலைக் கையில் வைத்திருப்போனின் கடமை என்னும் எண்ணம் இதில் வெளிப்படை.

இக்கதையில் வரும் கீழை, மேலைப் பகுப்பு வெறும் கற்பனையன்று என்பதற்குத் தமிழகக் கற்களே சான்று. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சேவல் உருவம் பொறித்த நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. முகையூர் மேற்சேரிக்காகப் பொருது மாண்ட கோழிக்கு அது எடுக்கப்பட்டதென அதன் வட்டெழுத்து வாசகம் அறிவிக்கிறது. இந்தளூரில் கிடைத்த மற்றொரு கல், கீழ்ச்சேரிக் கோழியொன்றின் நினைவாக நின்றது. அதன் பெயர் பொற்கொற்றி. ஊரின் கீழ்ப்பாதியும் மேற்பாதியும் தத்தம் சேவலை முன்னிறுத்தி மோதிக்கொண்டன என்பது இவற்றால் பெறப்படும். ஆநிரை மீட்டு மாண்ட மறவர்க்கு நிகராக ஒரு சேவலுக்குப் பெயரிட்டுக் கல் நாட்டினர் எனில், அச்சேவலை ஊரார் ஓர் ஆளாகவே எண்ணினர் என்றே கொள்ளவேண்டும். மானுடவியலாளர் கிளிஃபோர்டு கீர்ட்சு 1972இல் வெளியிட்ட பாலித்தீவுச் சேவற்போர் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையில், மனிதர் தம் மானத்தையே சேவல் வடிவில் களத்தில் வைக்கின்றனர் என்றார். அக்கருத்தைத் தமிழகத்துக் கல் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே உருவமாகக் காட்டி நிற்கிறது.

கையும் சினமும்

இனி, கம்பர் கூற்றுக்கு வருவோம். போர்ச்சேவல் வளர்ப்பில் முதல் விதி, அது மனிதனைத் தாக்கக்கூடாது என்பது. புறத்தார்க்கு இது வியப்பாகத் தோன்றும். களத்திலோ காரணம் எளிது. கரூர் மாவட்டம் பூலாம்வலசு போன்ற இடங்களில் பொங்கலையொட்டி நிகழ்ந்துவந்த கத்திக்கட்டில் சேவலின் காலில் கூரிய கத்தி பிணைக்கப்படும். அதைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் வெறுங்கைகள். வெற்றுக்கால் போரில் இடையிடையே சேவலைத் தூக்கி நீர் தெளித்து முகம் துடைத்து மீண்டும் விடுவர். அவ்விடைவேளைக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயர். எதிரியைக் கண்டு கொதித்துக்கொண்டிருக்கும் அந்த நொடியிலும், தன்னைத் தூக்கும் கையைக் கொத்தாத சேவலே களத்திற்கு உதவும். கையைக் கொத்துவது எத்துணை வலிமையுடையதாயினும் இனப்பெருக்கத்திற்கு விடப்படாமல் கழிக்கப்படும். தலைமுறை தலைமுறையாக இவ்வாறு கழித்ததன் விளைவே, இந்தியப் போர்க்கோழியினமாகிய அசில், தன்னினத்து ஆணிடம் மிகக் கொடியதாகவும் மனிதனிடம் மிகச் சாதுவாகவும் அமைந்திருப்பது. கம்பர் கண்ட பகையில்லாச் சினம் இதுவே எனலாம்.

எனவே வளர்ப்போன் பார்வையில் சேவலின் குறைகள் இரண்டு. ஒன்று, புறங்காட்டி ஓடுதல். மற்றொன்று, யாவற்றின்மீதும் பாய்தல். பின்னதை நாம் வீரமென எண்ணுகிறோம். அவனோ அதைக் கலக்கமென எண்ணுகிறான். ஆளையும் நிழலையும் விளக்குமாற்றையும் வேறுபாடின்றித் தாக்கும் சேவல் பெரும்பாலும் அஞ்சிய சேவலே. ஆகவே தேர்வு கண்ணிலிருந்து தொடங்கும்: விழி நிலைத்து நிற்கிறதா, அலைகிறதா? தூக்கினால் உடல் தளர்கிறதா, விறைக்கிறதா? கையில் பிடித்தபடியே இரண்டு சேவல்களை முகத்தோடு முகம் காட்டும்போது கழுத்துமயிர் எழுகிறதா, எழுந்தது அகற்றியவுடன் படிகிறதா? படியும் சேவல் நல்லது. வெண்பாமாலையின் தணியாச் சேவல் பாடலுக்கு அழகு, கூண்டுக்கு ஆகாது.

கையாளும் முறையும் இதற்கேற்பவே அமைந்தது. சேவலை விரட்டிப் பிடிப்பதில்லை. அந்திக்குப்பின், அடைந்திருக்கும்போது எடுப்பர். இருளில் கோழி அசையாது. இரு கைகளாலும் சிறகுகளை உடலோடு அணைத்து, மார்பை உள்ளங்கையில் ஏந்தி, கால்களை விரலிடுக்கில் அடக்குவர். உதைப்பதோ கோலால் ஓங்குவதோ கூடாது. அது சேவலின் கண்ணில் எதிர்ச்சேவலின் சவாலாகவே படும். நாள்தோறும் கையால் தீனி கொடுத்தல், ஆணையும் ஆணையும் ஒன்றையொன்று காணாதவாறு காலில் கயிறிட்டுத் தனித்தனியே கட்டுதல், தேவைப்படின் பஞ்சாரத்தால் மூடுதல் ஆகியன எஞ்சியவை. ‘கட்டுச்சேவல்’ என்னும் பெயரே இக்கட்டுதலை நினைவூட்டுகிறது.

இவ்வனுபவ அறிவைப் பிற்கால அறிவியல் பெரிதும் உறுதி செய்கிறது. 1849இல் செருமனியின் கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்டு என்பார் இளஞ்சேவல்களின் விதைகளை அகற்றியபோது அவற்றின் சூடு சுருங்கிற்று, கூவல் மாறிற்று, பூசல் ஒழிந்தது. விதையை வயிற்றறையில் மீண்டும் வைத்தபோது மூன்றும் திரும்பின. உட்சுரப்பியல் என்னும் துறைக்கே வித்திட்டது இச்சோதனை. சூட்டையும் சினத்தையும் கம்பர் ஒரே அடியில் இணைத்ததும், மலையாளி சேவலுக்குச் சூட்டாலேயே பெயரிட்டதும் ஈண்டு நினைக்கத்தக்கன. 1922இல் நார்வே நாட்டுச் செல்டெரூப்-எப்பே, கோழிக்கூட்டத்தில் எது எதைக் கொத்தலாம் என்னும் படிநிலை உண்டெனக் கண்டறிந்து வெளியிட்டார். குஞ்சுப் பருவத்திலேயே தனியே எடுத்து மனிதர் மடியில் வளர்த்த சேவல், பருவம் எய்தியபின் மனிதரையும் அப்படிநிலையில் ஓர் எதிரியாக எண்ணிப் பாய்வதுண்டு. செல்லமாக வளர்த்தது ஏன் கொத்துகிறது என்னும் வினாவுக்கு விடை இதில் உள்ளது.

முற்றமும் கோயிலும்

கேரளத்தில் கோழிக்கட்டு பெயர்பெற்றது வடகோடியான காசர்கோட்டில். அது துளுநாட்டு மரபின் தொடர்ச்சி. தர்சுடன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளுள் பண்ட் சமூகத்தாரைப் பற்றிய பகுதியில் தென்கன்னடத்துக் கோழிக்கட்டு விரித்துரைக்கப்படுகிறது. தென்திருவிதாங்கூரிலோ சேவலுக்குரிய இடங்கள் வீட்டு முற்றமும் மாடன், இசக்கி முதலிய தெய்வங்களின் கோயிலும் ஆகும். களத்தின் பயிற்சி இல்லாத இடத்தில் சேவலின் குணத்தை முதலில் அளப்போர் வீட்டுப் பெண்களும் குழந்தைகளுமே. ஆளைக் கொத்தத் தொடங்கிய சேவல் முதலில் குழம்புச் சட்டிக்கோ நேர்ச்சைக்கோ போகும். அமைதியானது அடைக்கு எஞ்சும். போர்ச்சேவல் வளர்ப்போன் அறிந்து செய்த கழித்தலை முற்றமும் அறியாமலே செய்துவந்தது. இவ்வழி முற்றிலும் வேறான இரு சூழல்களில் ஒரே குணம் தெரிவு செய்யப்பட்டது.

கோயிலில் குணமறிதல் வேறு வடிவம் கொள்கிறது. நேர்ந்த ஆட்டின்மீது நீர் தெளித்து அது ‘துலுக்கும்’வரை காத்திருக்கும் வழக்கம் தமிழகம் எங்கும் உண்டு, அவ்வசைவைத் தெய்வத்தின் இசைவாகவும் ஒருவகையில் விலங்கின் இசைவாகவும் கொள்வர். பலி என்பதை நாம் எவ்வாறு மதிப்பினும், உயிரின் உள்ளத்தைக் கேட்டறிய வேண்டும் என்னும் உணர்வு அச்சடங்கில் உள்ளது.

இம்முற்றத்தின்மீதும் கோயிலின்மீதும் சட்டம் படிப்படியாக வந்து கவிந்தது. அரசப் பொறுப்பிலிருந்த சேது லட்சுமிபாய் 1925இல் திருவிதாங்கூர் அரசின் ஆளுகைக்குட்பட்ட கோயில்களில் உயிர்ப்பலியை நிறுத்தினார். 1956க்குப் பின் ஒரே மரபினர் இருவேறு சட்டங்களுக்கு உட்பட்டனர். சென்னை மாகாணத்தில் 1950இல் இயற்றப்பட்ட பலித்தடைச் சட்டம் நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்து, 2003இல் திடீரெனக் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டு, 2004இல் நீக்கப்பட்டது. கேரளம் 1968இல் தனிச்சட்டம் இயற்றியது. அதனை எதிர்த்த மனுவை அம்மாநில உயர்நீதிமன்றம் 2020இல் தள்ளுபடி செய்தது. களியக்காவிளையில் நேர்ச்சையாகக் கொள்ளப்படும் சேவல், சிறிது தொலைவு நடந்து பாறசாலைக் கோயில் வளாகத்தை அடைந்தால் குற்றத்தின் சான்றாகிவிடும். போரைப் பொறுத்தவரை இருபுறமும் ஒரே நிலை: பொழுதுபோக்கிற்காக ஓர் உயிரை மற்றோர் உயிரோடு மோதவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம் தண்டனைக்குரியதாக்குகிறது. கத்திக்கட்டின் கொடுமையை அறிந்தோர் இச்சட்டத்தைக் குறைகூற மாட்டார். இக்கட்டுரையாளருக்கும் அதில் மாறுபாடில்லை.

ஆயின் களத்தோடு சேர்ந்து கையின் அறிவும் மறைகிறது. இன்று போர்ச்சேவலின் நிறப்பெயர்களும் பந்தயத் தொகைகளும் நினைவில் நிற்க, எதைக் கழிப்பது, எவ்வாறு தூக்குவது, எப்போது விடாமலிருப்பது என்பன பதிவின்றிப் போகின்றன. 2011இல் வெளிவந்த ஆடுகளம் திரைப்படத்திற்குப் பின் இத்துறையில் ஆர்வம் பெருகியபோதும் பேசப்பட்டவை பெரும்பாலும் மனிதர்களின் சினமும் வஞ்சமுமே. நம் அகராதிகளிலும் இந்நிலையே. சூடு, முள், தூவி எனச் சேவலின் உறுப்புகளுக்குச் சொல் உண்டு. சினந்து பின் தணியும் சேவலையும், தணியாமல் கையைக் கொத்தும் சேவலையும் வேறுபடுத்தும் வட்டாரச் சொற்களுக்குப் பதிவில்லை. எல்லைப்புறச் சிற்றூர்களில் சாவல், பூவன் என இருபெயராலும் அழைக்கப்படும் சேவலின் குணத்திற்கு இருமொழியிலும் வழங்கும் சொற்களைத் தொகுக்கும் பணி, ஐம்பது கோழி வளர்த்த பாட்டிமார் சிலரேனும் எஞ்சியிருக்கும் இக்காலத்திலேயே தொடங்கப்பட வேண்டும். தொடங்குவோர் முதலில் கேட்கவேண்டிய வினா, எந்தச் சேவல் வென்றது என்பதன்று. எந்தச் சேவலை அடைக்கு விட்டீர்கள், எதனை விடவில்லை என்பதே.